நாற்பத்தொரு பேரின் விடுமுறை

பிப்ரவரி 9

அண்ணா,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். "இதெல்லாம் போன்ல பேசுற விஷயமா?" என்று ஒரே வரி, அப்புறம் டக். சரி, காகிதத்தில் எழுதுகிறேன். உன் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், ஆபீசுக்கு இல்லை. பயப்படாதே.

படைப்பிரிவு அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "தங்கள் கணவர் அறுபது நாள் விடுமுறை முடிந்தும் பணிக்குத் திரும்பவில்லை. அவர் தற்போது இருக்கும் இடத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் அவர் படையை விட்டு ஓடியவராகக் கருதப்படுவார்."

என்னிடம் கேட்கிறார்கள், அண்ணா. அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள், அவர் எங்கே என்று என்னிடம் கேட்கிறார்கள்.

நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஒரு துண்டுச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். "பட்டதாரி மேடம், உங்க முத்து முத்தான கையெழுத்துல ஒரு லீவ் லெட்டர் எழுதித் தாங்க" என்றார். அவர் எழுத்து உனக்குத் தெரியுமே, கோழி கிளறிய மாதிரி இருக்கும். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது நான்தான். சீட்டில் கேப்டன் சொன்ன வாசகம் இருந்தது: "மனைவியின் பிரசவத்திற்குப் பின் குழந்தையைப் பராமரிக்கும் பொருட்டு அறுபது நாள் விடுமுறை." தேதி மட்டும் போட வேண்டாம், ஆபீஸ்ல போட்டுக்குவாங்க என்றார். நான் சந்தோஷத்தில் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. அறுபது நாள் அவர் வீட்டில் இருப்பார், குட்டியைக் குளிப்பாட்டுவார், நான் ஒரு முழு இரவு தூங்குவேன் என்று கணக்குப் போட்டேன். கோடு போட்ட தாளில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

டிசம்பர் நாலாம் தேதி மூட்டை முடிச்சோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். "கடல் தாண்டிப் போறோம். எங்கன்னு கேக்காத. நான் போனேன்னே யார்கிட்டயும் சொல்லாத" என்றார். முதலில் வாரம் ஒரு முறை யாருடைய எண்ணிலிருந்தோ பேசினார். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது, எந்தக் குரலும் இல்லை.

நோட்டீஸைத் தொட்ட கையால் குட்டிக்குப் பால் கலக்கப் பிடிக்கவில்லை. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் கலக்கினேன்.

நீ அமைச்சகத்தில், சபைக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறாய். உனக்குத் தெரியாமல் இருக்காது. எங்கே என்றுகூடச் சொல்ல வேண்டாம். இருக்கிறாரா, அதை மட்டும் சொல்.

தங்கை

*

பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் கிழித்துவிட்டேன், நீயும் இதைக் கிழித்துவிடு. போனை வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் பிரிவில் யாருடைய பேச்சு எங்கே பதிவாகிறது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். அந்த நோட்டீஸை யாரும் உட்கார்ந்து யோசித்து அனுப்பவில்லை. அறுபது நாள் முடிந்தால் கம்ப்யூட்டர் தானாக அடித்து அனுப்பும். அவரை அனுப்பியவர்கள் ஒரு மாடி, விடுமுறைக் கணக்குப் பார்ப்பவர்கள் இன்னொரு மாடி. மேல் மாடி செய்ததைக் கீழ் மாடியிடம் சொல்லவில்லை. அவ்வளவுதான். உன்னை அவமானப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் எண்ணம் கிடையாது.

நீ "எனக்குத் தெரியாது" என்று பதில் எழுதிவிடு. அது பொய்யும் இல்லை.

என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். சபை உறுப்பினர் கேள்வி அனுப்புவார். அ, ஆ, இ என்று பிரித்திருப்பார். நாங்கள் வரைவு எழுதுவோம். அது நாலு மேஜை ஏறி, அமைச்சர் வாயில் போய் முடியும். படை வெளிநாடு போயிருக்கிறதா என்று யார் எப்படிக் கேட்டாலும் அதற்கென்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும், வெளிநாடு என்ற சொல் வந்தாலே கோப்பு நேராக இணைச் செயலாளர் அறைக்குப் போய்விடும். வாகனம், சீருடை, விடுமுறை போன்ற சில்லறைக் கேள்விகளை யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை, இணைப்பில் ஒரு பட்டியலைச் சேர்த்து அனுப்பிவிடுவோம். நான் எழுதுகிறவன்தான், முடிவெடுக்கிறவன் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தால் சொல்லாமல் இருப்பேனா? தைரியமாக இரு. குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா?

அண்ணன்

*

பிப்ரவரி 18

அண்ணா,

குட்டிக்குக் காய்ச்சல் இல்லை, பல் முளைக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். முந்தாநாள் வந்த போலீஸ்காரரின் தொப்பியையும் கடித்தாள்.

ஆமாம், போலீஸ் வந்தது. "ஒண்ணுமில்லம்மா, ரெகுலர் செக்கிங்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவைத் திறக்கச் சொன்னார். என் மாமியாருக்குக் கோபம் வந்தால் யார் என்று பார்க்க மாட்டார். "அங்க எதுக்குத் தேடுறீங்க? சர்க்கரை டப்பால பாருங்க, எம்புள்ள அதுலதான் ஒளிஞ்சிருக்கான்" என்றார். அந்த ஆள் சிரித்துவிட்டார், அதற்கப்புறம் நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்பட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. இப்போது தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஓடிப்போனவன் பெண்டாட்டி.

மறுநாள் கேப்டன் வந்தார். நல்ல வாசனை. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "எதுக்கும்மா டென்ஷன்? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, நோட்டீஸ் தானா போயிடும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் கணவரின் விடுமுறையை இன்னும் அறுபது நாள் நீட்டிக்கும்படி நானே கேட்கிறேனாம். "அவர் எங்க சார் இருக்கார்?" என்றேன். "வீட்லதானேம்மா இருக்கார், லீவ்ல" என்றார். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்து, கண் இமைக்காமல் சொன்னார். போகும்போது குட்டி கன்னத்தைத் தட்டினார். அவர் படி இறங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

படிவம் மேஜை மேல் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம். கையெழுத்துப் போட்டால் அவர் கடல் தாண்டிப் போகவே இல்லை. போடாவிட்டால் அவர் ஓடிப்போனவர்.

இன்னொன்று கேள். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அவர் மகனும் அதே பஸ்ஸில் போனவன். அவருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது, கூடவே அவன் விடுமுறை விண்ணப்பத்தின் நகலும். வாசிக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டு வந்தார். "மனைவியின் பிரசவத்திற்குப் பின் குழந்தையைப் பராமரிக்கும் பொருட்டு." அதே வாசகம். வாசித்துக் காட்டியதும் அந்தம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்புள்ளைக்குப் பொண்ணே இன்னும் பாக்கலியே! என்கிட்ட சொல்லாம கல்யாணம் முடிச்சுட்டானா?" என்று கேட்டார்.

பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்தேன். ஜனவரியில் சபையில் வந்த கேள்வி. "(அ) நம் படையினர் எவரேனும் வெளிநாட்டில் பணியில் உள்ளனரா? (ஆ) ஆம் எனில் எத்தனை பேர், எந்தச் சட்டத்தின்படி? (இ) மக்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை?" பதில்: "(அ) இல்லை. (ஆ), (இ) கேள்விகள் எழவில்லை."

எழவில்லை! சின்ன வயதில் பள்ளிக்கூடத்திற்கு எழுப்பினால் போர்வைக்குள்ளிருந்து நீ சொல்வாயே, அந்த மாதிரி.

உண்மையைச் சொல். அதை எழுதியது நீயா?

*

பிப்ரவரி 22

தங்கச்சி,

நான்தான்.

இரண்டு நாளாக இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நிறுத்தி வைத்திருந்தேன்.

அதை எழுதும்போது பக்கத்தில் பட்டியல் இருந்தது. விடுமுறையில் இருப்பவர்கள், நாற்பத்தொரு பேர். "இல்லை" என்று எழுத ஆதாரம் வேண்டுமல்லவா, அதற்காகக் கீழ் மாடியிலிருந்து வரவழைத்தது. பதினேழாவது பெயர் மாப்பிள்ளையுடையது. பார்த்தேன். பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. செக்‌ஷன் ஆபீசர், "வழக்கமானதுதானே, மதியத்துக்குள்ள முடிச்சுடுங்க" என்றார். மதியத்துக்குள் முடித்தேன்.

என்னைத் திட்டு. ஆனால் கையெழுத்தைப் போட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஓடிப்போனவர் என்று ஒரு முறை பதிவேட்டில் ஏறினால் அவர் திரும்பி வந்தாலும் நேராக ஜெயில்தான். இவர்களோடு மல்லுக்கட்டி யாரும் ஜெயித்ததில்லை. அவர் வந்து சேரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இருக்கிறாரா என்று கேட்டாய். சத்தியமாக எனக்குத் தெரியாது. பட்டியலில் உயிர் பற்றிய கட்டம் கிடையாது.

அண்ணன்

*

பிப்ரவரி 25

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மாமியார் வேறு மாதிரி சந்தேகப்பட்டு, விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, அப்புறம் அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு வந்து எழுதினாய். அந்த டீயைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எழுதினேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொங்கலுக்கு வந்து குட்டிக்குக் கவுன் கொடுத்தாயே, அது அந்த வாரம்தானே? "மாப்பிள்ளை எங்க, டூட்டியா?" என்று என்னிடமே கேட்டாய். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்.

நீ எனக்கு அண்ணனே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. விண்ணப்பம் என் கையெழுத்து, பதில் உன் கையெழுத்து. நடுவில் அவர். நம் அப்பா அம்மா நம்மை நன்றாகத்தான் படிக்க வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கேப்டன் வந்தார். படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா" என்றார். "என் நல்லதை நான் பார்த்துக்கிறேன் சார், நீங்க அவரைப் பாருங்க" என்றேன்.

நோட்டீசுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். "என் கணவர் விடுமுறையில் ஒரு நாளும் வீட்டுக்கு வரவில்லை. டிசம்பர் நாலாம் தேதி காலை உங்கள் பஸ்ஸில் ஏற்றிச் சென்றீர்கள். அவர் இருக்கும் இடத்தை நீங்கள்தான் எனக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்." அதே முத்து முத்தான எழுத்து.

ஜனவரியில் அந்தக் கேள்வி கேட்ட உறுப்பினரையும் போய்ப் பார்த்தேன். தையல்காரம்மாவும் வந்தார். இரண்டு மணி நேரம் மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் நல்லவரா கெட்டவரா தெரியாது. எங்களைவிட அமைச்சரை மடக்குவதில்தான் அவருக்கு ஆர்வம் என்று முகத்தில் தெரிந்தது. பரவாயில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்கப்போவதாகச் சொன்னார். "வேண்டாம் சார். வெளிநாடுன்னு எழுதினா பதில் ரெடியா இருக்கும். லீவைப் பத்திக் கேளுங்க. ஒரே பிரிவில், ஒரே நாளில், எத்தனை பேர் லீவில் போனார்கள், பெயர் என்ன, ஒவ்வொருவரும் சொன்ன காரணம் என்ன" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார். யாருமில்லை என்றேன்.

அந்தக் கேள்வி உன் மேஜைக்கு வரும். "விவரம் திரட்டப்படுகிறது" என்று எழுதித் தள்ளிப்போடலாம், எனக்குத் தெரியும். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

*

மார்ச் 14

தங்கச்சி,

கேள்வி வந்தது. நீ எழுதிய மாதிரியே, சொல் மாறாமல். செக்‌ஷன் ஆபீசர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "லீவ் கணக்குதானே, எல்லாத்தையும் இணைப்புல போட்டுத் தள்ளுங்க" என்றார். வாயைத் திறந்து, "சார், இதில் ஒரு சிக்கல்" என்று சொல்ல வேண்டியது என் கடமை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், சிக்கலை முன்னாலேயே மோப்பம் பிடிப்பதுதான் என் திறமை. இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது, பெரிய வீரம் ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு பெயர், ஒரே தேதி, ஒரே காரணம், ஒரே வாசகம். இரண்டரைப் பக்கம். நாலு மேஜையும் இணைப்பைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டன.

சபையில் நடந்ததை நீ டிவியில் பார்த்திருப்பாய். உறுப்பினர் பட்டியலைத் தூக்கிக் காட்டி, "ஒரே நாளில் நாற்பத்தொரு பிரசவமா?" என்று கேட்டதும் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் அதிகாரிகள் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அமைச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நம் வீரர்கள் குழந்தைகளை நேசிப்பவர்கள்" என்றார். மேஜையைத் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கேயே எழுந்து கத்தியிருக்க வேண்டும். கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம், "கவனக்குறைவு". உன் அண்ணி இன்னும் என்னோடு பேசவில்லை. மேஜையைக் காலி செய்தபோது செக்‌ஷன் ஆபீசர் காதோரம், "தெரிஞ்சேதானே செஞ்சீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பட்டியல் பத்திரிகையில் வந்துவிட்டதால் மேலே கலங்கிப் போயிருக்கிறார்கள். வீரர்களையே வீட்டுக்குப் பேச வைத்து, லீவில் இருப்பதாகச் சொல்ல வைக்கப்போவதாகக் காதில் விழுந்தது. போன் வந்தால் அவர் சொல்வதை வைத்து அவரைத் தப்பாக நினைக்காதே.

அண்ணன்

*

மார்ச் 17

அண்ணா,

போன் வந்தது. அவர் இருக்கிறார்.

முதலில் இதை எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

நேற்று மதியம் மூன்றேகால் மணி. "வணக்கம். நான் எனது சொந்த விருப்பத்தின் பேரில் விடுமுறையில் உள்ளேன். குடும்பத்தினர் வதந்திகளை நம்ப வேண்டாம்." அவர் குரல்தான். ஆனால் அவர் வாழ்நாளில் இப்படிப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பின்னால் யாரோ, "அடுத்த ஆள் ரெடியா இரு" என்றார். இன்னும் சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டீங்களா?" என்றேன். "நான் நலமாக உள்ளேன்" என்றார். குட்டிக்கு மூணு பல்லு வந்துடுச்சு என்றேன். மறுபடியும் "நான் நலமாக உள்ளேன்" என்றார்.

அப்போதுதான், "தையல்காரம்மா பையன் உங்க பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டேன். தாளில் அதற்குப் பதில் இல்லை போல. அப்புறம் அவருடைய சொந்தக் குரலில், அவசரமாக, "அந்தம்மா கூட இரு" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

நேற்று மற்ற வீடுகளுக்கும் போன் வந்திருக்கிறது. பத்திரிகையில் பட்டியலைப் பார்த்துத் தேடி வந்த குடும்பங்களும் நாங்களும் இப்போது எண்களைப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவராகக் கேட்டேன். முப்பத்தெட்டு வீடு. அதே வாசகம், அதே "வதந்திகளை நம்ப வேண்டாம்". மூன்று வீட்டில் மட்டும் மணி அடிக்கவில்லை. டிவியில் அமைச்சர், வீரர்களே குடும்பத்தோடு பேசிவிட்டார்கள், விஷயம் முடிந்தது என்கிறார். முப்பத்தெட்டு பேரின் குரலை வைத்து மூன்று பேரை மூடுகிறார்கள்.

அந்த மூன்றில் ஒன்று தையல்காரம்மா வீடு, காலையில் அங்கே போனேன். மெஷின் மேல் துணிக்குப் பதிலாக போனை வைத்திருந்தார். மெஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமாம், அதனால் நேற்றிலிருந்து தைக்கவே இல்லை. தர வேண்டிய சட்டைகள் கொடியில் கை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. "லைன் கிடைக்கலையோ என்னவோ. அவன் கடைசி ஆளா நிப்பான், எப்பவும் மத்தவங்கள முன்னாடி விடுற புள்ள" என்றார். குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் வீட்டுக்காரர் பேசினாரே, எம்புள்ளையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார்.

நான் "இல்லை" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை, அண்ணா. அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன், இரண்டு மூன்று முறை. என் புருஷன் இருக்கிறார் என்ற சந்தோஷம் வயிற்றுக்குள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. உன்மேல் எனக்கு இருந்த அருவருப்பு குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அதில் பாதியை நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இதை ஒட்டிவிட்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போகிறேன். என் புருஷன் சொன்ன மூன்று வார்த்தையை அப்படியே சொல்லப்போகிறேன், கூட்டாமல் குறைக்காமல். அரசாங்கம் சொல்லட்டும் என்று விட்டால் அந்தம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாமியாரும் வருகிறேன் என்கிறார். குட்டியைப் பக்கத்து வீட்டில் விடக் கேட்டேன். தண்ணீர்க் குழாயடியில் பேச்சை நிறுத்தியவள்தான், ஒன்றும் கேட்காமல் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

உன்னால் முடிந்தால் நாளைக்குக் கிளம்பி வா. மூன்று பேர் எங்கே என்று ஒரு கேள்வி எழுத வேண்டும். மூன்று வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள். முதலில் அந்தம்மா அழுது முடிக்கட்டும்.

தங்கை